வெறும் மாத்திரை: பிளசிபோ பற்றி எங்கள் பக்கத்து மக்கள் கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறேன். மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளர் வேலை. ஆய்வில் சேர வருகிறவர்களுக்குப் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டுவேன், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன், அதற்கப்புறம்தான் கையெழுத்து. காசிமேடு, தண்டையார்பேட்டை, கொடுங்கையூர், எண்ணூர் என்று எங்கிருந்து வந்தவர்களானாலும், படிவத்தில் "பிளசிபோ" என்ற சொல் வந்ததும் "இருங்க, இருங்க" என்று நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்திக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

பிளசிபோன்னா இன்னா மேடம்? போலி மருந்தா?

பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், ஆனால் நோய்க்கான மருந்துச் சத்து உள்ளே இருக்காது. அதுதான் பிளசிபோ. லத்தீன் மொழிச் சொல். "நான் மகிழ்விப்பேன்" என்று பொருள். தமிழில் "மருந்துப்போலி" என்று எழுதுகிறார்கள். இந்தப் "போலி"தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. பேப்பரில் "போலி மருந்து பறிமுதல்" என்று வருகிறதே, அதுவா இது என்று கேட்கிறார்கள்.

அது வேறு, இது வேறு. பள்ளியில் இலக்கணத்தில் "போலி" படித்திருப்பீர்கள். ஐந்து என்பதை அஞ்சு என்கிறோம். எழுத்து மாறி நிற்கிறது, பொருள் மாறவில்லை. அங்கே போலி என்றால் ஏமாற்று இல்லை, ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்பது. மருந்துப்போலியும் மருந்தின் இடத்தில் நிற்கிறது. கள்ள மருந்து விற்கிறவன் உங்களிடம் சொல்லாமல் விற்கிறான். ஆய்விலோ "உங்களுக்கு மருந்தும் வரலாம், வெறும் மாத்திரையும் வரலாம்" என்று முன்கூட்டியே சொல்லி, நீங்கள் சம்மதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

அதுக்குள்ள என்னதான் இருக்கும்? எனக்கு சுகர் இருக்கு, சக்கரை மாத்திரைன்னு வேற சொல்றாங்க.

பெரும்பாலும் லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கும் சர்க்கரை. இல்லாவிட்டால் மாவுச்சத்து, செல்லுலோஸ். நீங்கள் தினமும் போடுகிற பிரஷர் மாத்திரையிலும் மருந்து மிகக் கொஞ்சம்தான், மீதி எல்லாம் இவைதான். ஒரு மாத்திரையில் சில நூறு மில்லிகிராம் இருக்கும். ஒரு டம்ளர் டீயில் போடும் சர்க்கரையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. சுகர் ஏறாது. பால் சேராத உடம்பு என்றால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசியாக இருந்தால் பெரும்பாலும் உப்புநீர்.

மருந்தைக் கொடுத்து சரியாகுதான்னு பாத்தா போதாதா? ஒண்ணுமே இல்லாததை எதுக்குக் கொடுக்கணும்?

நாம் எப்போது டாக்டரிடம் போகிறோம்? முதல் நாள் தலைவலிக்குத் தைலம், இரண்டாம் நாள் ரசம், மூன்றாம் நாள் தாங்க முடியாதபோதுதான் கிளினிக். நோய் உச்சியில் இருக்கும்போது மாத்திரை போடுகிறோம். உச்சியில் இருப்பது இறங்கத்தானே செய்யும்? சளி, சாதாரணக் காய்ச்சல், பல இடுப்பு வலிகள் மருந்தே இல்லாமலும் இறங்கும். ஆனால் பெயர் அந்த மாத்திரைக்குப் போய்விடுகிறது. எனவே ஒரே மாதிரியான இரண்டு கூட்டம் வேண்டும். ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு அதே உருவத்தில் மருந்தில்லாதது. இரண்டிலும் எவ்வளவு பேருக்குக் குணமானது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை மட்டும்தான் மருந்தின் கணக்கில் எழுத வேண்டும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி பெரியவர்களைக் காக்கிறதா என்று பார்க்க, 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஊர்கள் எல்லாம் திருவள்ளூரைச் சுற்றி, இன்று நாம் அரை நாளில் போய் வருகிற தூரம்தான். சுமார் 2,60,000 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்கு அதிக அளவு பிசிஜி, சிலருக்குக் குறைந்த அளவு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. ஏழரை ஆண்டு தொடர்ந்து பார்த்து 1979-ல் முடிவை வெளியிட்டபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. வெறும் ஊசி போட்டவர்களுக்கு வந்த அளவுக்கு பிசிஜி போட்டவர்களுக்கும் வந்தது.

வெறும் ஊசிக் கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால்? ஊசி போட்ட லட்சம் பேரில் பெரும்பாலானோருக்குக் காசநோய் வரவில்லை, ஆகவே ஊசி வேலை செய்கிறது என்று நம்பியிருப்போம். பிறந்த குழந்தைக்கு இன்றும் பிசிஜி போடுகிறார்களே என்றால், குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காக்கிறது, அதனால்தான். அதைத் தவறாமல் போடுங்கள்.

பெரிய டாக்டருங்களுக்கே நல்ல மருந்துன்னு தெரிஞ்சிருந்தா, அப்புறம் எதுக்கு சோதனை?

தெரிந்தது என்று நினைத்தது தப்பாகப் போயிருக்கிறது, உயிர்ச் சேதத்தோடு. மாரடைப்பு வந்தவர்களுக்கு அப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் இறப்பு அதிகம் என்று தெரியும். துடிப்பைச் சீராக்கும் மருந்துகளும் இருந்தன. ஆகவே மருந்து கொடுத்தால் உயிர் பிழைப்பார்கள் என்று அமெரிக்காவில் டாக்டர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும்.

1989-ல் வெளிவந்த 'காஸ்ட்' ஆய்வில் என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு என்ற அந்த மருந்துகளைச் சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் 22 பேர். துடிப்பு சீரானது, ஆள் போய்விட்டார். ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்த ஆய்வில் வெறும் மாத்திரைதான் பாதுகாப்பான பக்கமாக இருந்தது. "எனக்கு மருந்துப் பக்கமே வேணும்" என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். புது மருந்து நல்லதா கெட்டதா என்று தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது.

யாருக்கு எதுன்னு யார் முடிவு பண்றது? தெரிஞ்சவங்களுக்கு நல்லதா எடுத்து வச்சிடுவீங்களா?

முடியாது. எனக்கே தெரியாது. சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரிதான், ஆனால் குலுக்குவது கணினி. எங்களுக்கு வருவது எண் ஒட்டிய டப்பாக்கள். உங்கள் பெயருக்கு எந்த எண் விழுகிறதோ அந்த டப்பாவை எடுத்துக் கொடுப்பேன். எந்த எண்ணில் என்ன என்பது டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவசரத்துக்கு மட்டும், உதாரணமாக நீங்கள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால், உங்கள் ஒருவருடைய எண்ணை மட்டும் உடைத்துப் பார்க்க வழி உண்டு.

எங்களுக்கு ஏன் தெரியக் கூடாது? தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மருந்துப் பக்கத்து ஆளிடம் "இப்போ வலி குறைஞ்சிருக்கணுமே?" என்று ஆசையாகக் கேட்போம். மற்றவரிடம் வெறுமனே "எப்படி இருக்கு?" என்போம். பதிலும் அதற்கேற்ப மாறிவிடும்.

கடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடாதா?

தண்டையார்பேட்டை அம்மா ஒருவர் என் எதிரிலேயே மாத்திரையை முன்பல்லால் இரண்டாக உடைத்து, ஒரு துண்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தார். "கசக்குது. மருந்துதான்" என்றார். வெறும் மாத்திரைக்கும் கசப்பு சேர்த்துத்தான் செய்வார்கள் என்று சொன்னதும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இந்தச் சந்தேகம் சின்ன விஷயம் இல்லை. 1975-ல் அமெரிக்காவில் வைட்டமின் சி சளியைக் குறைக்குமா என்று ஓர் ஆய்வு வந்தது. வைட்டமின் சி புளிக்கும். வெறும் மாத்திரையில் இருந்தது லாக்டோஸ், புளிப்பே இல்லை. கலந்துகொண்டவர்கள் பிரித்து ருசித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். வைட்டமின் சி எடுக்கிறோம் என்று கண்டுபிடித்தவர்களுக்குச் சளி சீக்கிரம் போனது போல் கணக்கு வந்தது. எது என்று தெரியாமல் இருந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஒரு ருசி, மொத்த ஆய்வையும் கலக்கிவிட்டது.

வெறும் மாத்திரையிலயே பல பேருக்கு வலி போகுதாமே. அப்போ அவங்களுக்கு வலியே இல்லையா, எல்லாம் நடிப்பா?

நடிப்பு இல்லை. இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மருமகளைப் பற்றியோ வயதான அப்பாவைப் பற்றியோ கேட்கிறார்கள். அதனால் அழுத்திச் சொல்கிறேன், வெறும் மாத்திரையில் ஒருவருக்கு வலி குறைந்தால் அவர் வலி பொய் என்று ஆகாது.

1978-ல் பல் பிடுங்கியவர்களிடம் செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. வலி குறையும் என்று எதிர்பார்க்கும்போது மூளை தானே வலி நிவாரணி மாதிரி ஒன்றைச் சுரக்கிறதா என்று பார்த்தார்கள். அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும், வெறும் ஊசியால் கிடைத்த நிம்மதி மறைந்து வலி திரும்பியது. அதாவது உடம்புக்குள் உண்மையிலேயே ஏதோ சுரந்திருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வெறும் மாத்திரைக் கூட்டத்தில் நூறில் முப்பது பேருக்குச் சரியானது என்றால், முப்பதும் நம்பிக்கையால் சரியானது என்று எண்ணக் கூடாது. மூன்றாவது கேள்வியில் சொன்ன, தானாக இறங்கும் நோயும் அதற்குள் இருக்கிறது. 2001-ல் டென்மார்க்கைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், வெறும் மாத்திரை கொடுத்தவர்களையும் ஒன்றுமே கொடுக்காதவர்களையும் ஒப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி மாதிரி நாம் சொல்லித் தெரிகிற விஷயங்களில் கொஞ்சம் பலன் இருந்தது. அளந்து பார்க்கிற விஷயங்களில் சொல்லும்படியாக இல்லை.

எங்க ஏரியா டாக்டருக்குக் கைராசி. ஊசி போட்டாதான் எனக்கு ஜுரம் விடும். அதுவும் இதுதானா?

நீங்களே அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள், பாருங்கள். கைராசி. நல்ல டாக்டர் என்றால் கைராசியில் பாதி அவர் படிப்பு. மீதி, அவர் உங்களை நிமிர்ந்து பார்த்துப் பேசுவது, உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பது, "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று உறுதியாகச் சொல்வது. அந்த வார்த்தையும் உடம்பில் இறங்குகிறது. ஆய்வுகளிலும் வெறும் மாத்திரையைவிட வெறும் ஊசிக்குப் பலன் சற்றுக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது, மைக்ரேன் தலைவலியில் குறிப்பாக. பெரிதாகச் செய்தால் பெரிதாக எதிர்பார்க்கிறோம்.

ஆனால் நீங்கள் கேட்டு வாங்குகிற ஊசிக்கு விலை உண்டு. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. மனத் திருப்திக்காக அதைப் போட்டுக்கொண்டால், பின்னால் உண்மையாகத் தேவைப்படும்போது கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காமல் போகும். "ஊசி வேண்டாம், மாத்திரை போதும்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவரை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போகாதீர்கள்.

என் பொண்ணுக்கு வீசிங். நம்பிக்கையா ஒரு பொடி கொடுத்தோம், நல்லா இருக்குன்றா. விட்டுடலாமா இன்ஹேலரை?

எண்ணூரிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டது. தயவுசெய்து விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பதிலை மட்டும் வீட்டில் சத்தமாகப் படியுங்கள்.

2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆஸ்துமாக்காரர்களுக்கு நாலு விதமாகச் செய்து பார்த்தார்கள். சால்புடமால் இருக்கிற உண்மையான இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், குத்துவது போல் பாவனை செய்த அக்குபங்சர், அப்புறம் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார வைப்பது. பிறகு "எவ்வளவு பரவாயில்லை?" என்று கேட்டார்கள். உண்மையான இன்ஹேலர் எடுத்தபோது 50 சதவீதம் முன்னேற்றம் என்றார்கள். மருந்தில்லாத இன்ஹேலருக்கு 45, பாவனை அக்குபங்சருக்கு 46. ஏறக்குறைய சமம். சும்மா இருந்தபோது 21.

ஆனால் கருவியில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தார்கள். உண்மையான மருந்தில் மூச்சு 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றிலும் 7 சதவீதம்தான், சும்மா உட்கார்ந்தவர்களோடு சேர்த்து. அதாவது அவர்களுக்கு "நல்லா இருக்கு" என்று உண்மையாகவே தோன்றியது, ஆனால் மூச்சுக்குழாய் திறக்கவில்லை. உங்கள் பெண் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அவள் நுரையீரல் என்ன சொல்கிறது என்பதை ஊதிப் பார்த்தால்தான் தெரியும். அந்த அம்மா அதே வாரம் பெண்ணைக் கூட்டி வந்தார். ஊதிய முடிவைக் கையில் வாங்கியதும் கைப்பையைத் திறந்து, பேப்பரில் மடித்து வைத்திருந்த பொடியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மந்திரிச்சா மஞ்சள் காமாலை இறங்குதே, கண்ணால பாத்திருக்கோமே?

நீங்கள் பார்த்தது உண்மை. கெட்டுப்போன தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும், மந்திரித்தாலும் மந்திரிக்காவிட்டாலும். மந்திரிப்பது உங்கள் விருப்பம். ஆனால் பித்தப்பைக் கல் அடைத்தும், எலிக்காய்ச்சலாலும், வேறு காரணங்களாலும் காமாலை வரும். அவை காத்திருக்காது. முதலில் ரத்தப் பரிசோதனை.

வெறும் மாத்திரைக்கும் சைடு எஃபெக்ட் வருமா?

வரும். கெட்டதை எதிர்பார்த்தாலும் உடம்பு கேட்கும். அதற்கு நோசிபோ என்று பெயர். கொரோனா தடுப்பூசி ஆய்வுகளில் வெறும் ஊசி போட்டவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் முதல் ஊசிக்குப் பின் தலைவலி, அசதி போன்றவற்றைச் சொன்னார்கள்.

கொழுப்பு மாத்திரையான ஸ்டேடின் சேரவில்லை என்று நிறுத்தியவர்கள் 60 பேரை வைத்து 2020-ல் இங்கிலாந்தில் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வருடத்துக்கு 12 டப்பாக்கள். நாலில் ஸ்டேடின், நாலில் வெறும் மாத்திரை, நாலு டப்பா காலி. ஸ்டேடின் மாதங்களில் பட்ட தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரை மாதங்களிலும் இருந்தது. காலி டப்பா மாதங்களில் குறைவு. மாத்திரையைப் போடுகிற செயலே உடம்பை நோக வைத்தது. தங்கள் கணக்கைப் பார்த்த பிறகு பாதிப் பேர் திரும்ப ஸ்டேடின் போட ஆரம்பித்தார்கள். வாட்சப்பில் வந்த ஒரு செய்தியைப் பார்த்துக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தியவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குக்கூட இப்படிச் செய்வாங்களா?

செய்திருக்கிறார்கள், சம்மதம் வாங்கித்தான். முழங்கால் தேய்மானத்துக்குத் துளை போட்டுச் சுத்தம் செய்யும் ஆபரேஷனை 180 பேரிடம் சோதித்து, 2002-ல் முடிவு வந்தது. ஒரு கூட்டத்துக்குத் தோலில் கீறித் தையல் மட்டும் போட்டார்கள். இரண்டு ஆண்டுவரை பார்த்தும் உண்மையான ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறையவில்லை.

வெறும் மாத்திரைன்னு சொல்லியே கொடுத்தா?

2010-ல் வயிற்றுக் கோளாறு உள்ள 80 பேரிடம் அப்படிச் செய்தார்கள். "இதில் மருந்து இல்லை" என்று சொல்லிக் கொடுத்தவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள், ஒன்றும் எடுக்காதவர்களில் 35. சின்ன ஆய்வு, மூன்று வாரம்தான், அவர்களாகச் சொன்ன பதில்தான். ஆஸ்துமாக் கேள்விக்குச் சொன்னதை இதற்கும் நினைவில் வையுங்கள்.

மருந்து இருக்கிற நோவுக்கு வெறும் மாத்திரை கொடுத்து எங்களை வச்சு சோதிக்கலாமா? ஏழைங்கன்னா எலியா?

கோபப்பட்டுக் கேட்டார் ஒரு ஆட்டோ ஓட்டுநர். கோபம் நியாயமானது. உயிரைக் காக்கும் மருந்து ஏற்கனவே இருந்தால், அதைத் தராமல் வெறும் மாத்திரை தரக் கூடாது. மனிதர்களிடம் மருத்துவ ஆய்வு எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உலக அளவிலான நெறிமுறை, 1964-ல் முதலில் வந்து பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம். அதுவும், புது மருந்தை இருப்பதில் சிறந்த மருந்தோடு ஒப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறது. விதிவிலக்கு உண்டு, ஆனால் நோயாளிக்குப் பெரிய தீங்கோ திருப்ப முடியாத தீங்கோ வரக் கூடாது. பல ஆய்வுகளில் வழக்கமான மருந்து எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் ஒரு கூட்டத்துக்குப் புது மருந்து, இன்னொன்றுக்கு வெறும் மாத்திரை.

பிளசிபோ இல்லாமலும் நல்ல ஆய்வு செய்யலாம் என்பதற்கு நம் ஊரே உதாரணம். 1950-களில் காசநோய்க்காரர்களைச் சானடோரியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். மெட்ராஸில், நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள் உட்பட 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்தார்கள். மருந்து எல்லோருக்கும் ஒன்றே. வீட்டிலேயே குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்குத் தெரிந்தது. ஒருவரைக்கூட மருந்தில்லாமல் விடவில்லை.

இந்தியாவில் 2019-ல் வந்த புது மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. வெறும் மாத்திரைப் பக்கம் விழுந்து, கொடுக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராததால் பாதிப்பு வந்தாலும் அதில் அடங்கும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். 2009 முதல் ஒவ்வொரு மருந்து ஆய்வையும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறதா பாருங்கள். எதற்கும் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். சேர்ந்த பிறகும் எந்த நாளும் விலகலாம், உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

எனக்கு வந்தது வெறும் மாத்திரையா இருந்தா, நடுவுல ரெண்டு மூணு நாள் விட்டா என்ன ஆயிடும்?

டப்பாவைத் திருப்பிக் கொண்டு வரும்போது மிச்ச மாத்திரைகளைத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாக நகர்த்தி எண்ணுவேன். விட்டிருந்தால் விட்டேன் என்று சொல்லுங்கள், திட்ட மாட்டேன். எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. 1980-ல் வெளிவந்த ஒரு பெரிய இதய மருந்து ஆய்வில் வெறும் மாத்திரைக் கூட்டத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து ஆண்டில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 28. மாத்திரையில் ஒன்றுமே இல்லை! மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறவர் சாப்பாடு, தூக்கம், சிகரெட் எல்லாவற்றிலும் கவனமாக இருப்பவராக இருக்கலாம். ஆகவே ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து "மருந்து வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியில எனக்கு வந்தது எதுன்னு சொல்வீங்களா?

ஆய்வு முழுவதும் முடிந்து எண்கள் திறந்த பிறகு கேட்டால் சொல்ல முடியும், பல ஆய்வுகளில் சொல்கிறார்கள். சேரும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டில் வலை பின்னுகிற பெரியவர் ஒருவர் ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டவர். அவருக்கு வெறும் மாத்திரை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ என் கணக்கு எதுலயும் சேராதாம்மா?" என்றார். முடிவு அட்டவணையை அவர் முன் விரித்தேன். இரண்டு பத்தி. இடது பக்கம் மருந்து, வலது பக்கம் பிளசிபோ. வலது பக்கத்து எண்ணில் விரலை வைத்து, "இதுல ஒருத்தர் நீங்க. இது இல்லைன்னா இடது பக்கத்துக்கு அர்த்தமே கிடையாது" என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்த எண்ணை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். ஒரு காப்பி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.